கூரையைத் துளைக்கும் முன்னே

படுக்கை, சமையலறை, குளியலறை, உணவு மேஜை முதலிய இல்லத்துச் சௌகரியங்கள் அனைத்தையும் ஒரு லாரியின் அல்லது வேனின் அடிச்சட்டத்தின்மேல் அமைத்துக்கொண்டு, விரும்பிய ஊரில் விரும்பிய நாள்வரை தங்கி, மறுபடியும் புறப்பட்டுச் செல்லும் வழக்கம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல்லாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. ‘மோட்டார்ஹோம்’ என்று அந்நாட்டினர் அழைக்கும் இவ்வண்டிகளை, அமெரிக்காவில் அயோவா மாகாணத்துச் சிறு நகரமான ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ என்னும் நிறுவனம் 1966-ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்கத் தொடங்கியபின், நடுத்தர வருமானமுள்ள குடும்பங்களும் அவற்றை வாங்கி ஓட்டலாயின. இன்று அந்நாட்டில் இத்தொழிலின் தலைமைப் பீடம் இண்டியானா மாகாணத்து எல்க்கார்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமுமே ஆகும்.

இத்தகைய வண்டியை வாங்கியவர்கள் அதை வாங்கிய நிலையிலேயே வைத்துக்கொள்வது அரிது. கோடையில் உள்ளே தேங்கும் வெப்பத்தை வெளியேற்ற விசிறியுடன் கூடிய கூரை ஜன்னல், மின் இணைப்பில்லாத காட்டோரத்தில் தங்கும்போது உதவும் சோலார் பேனல், தொலைக்காட்சிக்கு ஓர் ஆன்டெனா, வசதியுள்ளவர்களுக்கு ஓர் ஏ.ஸி. இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இவை எல்லாவற்றுக்கும் உரிய ஸ்தானம் கூரைதான். இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பொருத்தக் கூரையில் ஒரு துளையாவது போட்டே தீரவேண்டும். துளை போட நினைக்கும் அந்த இடத்துக்கு நேர் கீழே, பலகைகளின் நடுவே, கண்ணுக்குச் சிறிதும் புலப்படாமல் ஒரு மின்கம்பி சென்றுகொண்டிருக்கக்கூடும். அதற்கு ஊறு நேராமல் காரியத்தை முடிப்பதற்குக் கருவிகள் துணை செய்யும் என்பது உண்மையே. ஆயினும், அந்த வண்டியைக் கட்டியவன் எந்த நோக்கத்தோடு எந்த வழியாகக் கம்பியைக் கொண்டுபோனான் என்பதை நிதானமாக ஆராய்ந்து அறியும் பொறுமையே எல்லாக் கருவிகளையும்விட மேலான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

கூரையின் உள்ளமைப்பு

எல்லா மோட்டார்ஹோம்களின் கூரையும் ஒரே விதமாகக் கட்டப்படுவதில்லை. ஐரோப்பாவில் பெருவழக்காக உள்ள ஒரு முறையில், வெளிப்புறத்தில் அலுமினியத் தகடோ கண்ணாடியிழைத் தகடோ, நடுவில் தெர்மக்கோல் போன்ற நுரைப்பலகை, உட்புறத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் ஆகிய மூன்றையும் பசையிட்டு அழுத்தி ஒரே பலகையாக்கிவிடுகிறார்கள். ஜன்னல் வரும் இடங்களிலும் கனமான பொருள்களைத் தாங்கும் இடங்களிலும் மட்டும் நுரைக்குப் பதிலாக மரச்சட்டங்கள் வைக்கப்படும். மூன்றையும் ஒட்டுவதற்கு முன்பே நுரையில் பள்ளம் கீறி அதற்குள் கம்பிகளைப் பதித்துவிடுவதால், பலகை ஒட்டியபின் அக்கம்பி எங்கே போகிறது என்பதைக் காட்டும் அடையாளம் வெளியிலும் இராது, உள்ளேயும் இராது. அதை இழுத்து நகர்த்தவும் முடியாது.

அமெரிக்காவில் செய்யப்படும் வண்டிகள் பலவற்றில், வீட்டுக் கூரைக்குக் கைமரம் வைப்பதைப் போலவே மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன குறுக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அமைத்து, அவற்றின் நடுவே கண்ணாடிப் பஞ்சை நிரப்பி, மேலே ஒட்டுப்பலகை பரப்பி, அதன்மேல் ரப்பர் விரிப்பை ஒட்டுகிறார்கள். இங்கே கம்பிகள் சட்டங்களில் இட்ட துளைகளின் வழியாகவோ, பஞ்சுக்கும் உட்கூரைக்கும் இடையிலோ தளர்வாகக் கிடக்கும். மூன்றாவது வகை, ஃபியட் டுக்காட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற இரும்புக் கூடுள்ள வேன்களை இல்லமாக மாற்றியமைப்பது. இவற்றில் கூரையின் இரும்புத் தகட்டுக்கும் உட்புறப் பலகைக்கும் நடுவே கம்பிகள் ஓடும்; கூரையும் பக்கச் சுவரும் சந்திக்கும் ஓரத்திலோ, வேனைச் செய்த தொழிற்சாலையே இட்ட கம்பிக் கற்றையும், சில வண்டிகளில் விபத்துக் காலத்தில் விரியும் திரைபோன்ற காற்றுப் பையும் அமைந்திருக்கும். ஆகையால் அந்த ஓரத்தை எக்காரணத்தைக் கொண்டும் துளைக்காதிருப்பதே விவேகம்.

ஓடும் கம்பிகள் எவை?

இவ்வண்டிகளில் இருவகை மின்சாரம் உண்டு. ஒன்று, பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் நேர்திசை மின்சாரம். விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப் முதலியவை இதில் இயங்கும். மற்றொன்று, முகாமிடும் இடத்தில் வெளி இணைப்பிலிருந்து பெறும் மாறுதிசை மின்சாரம். அது ஐரோப்பாவில் 230 வோல்ட்டும் அமெரிக்காவில் 120 வோல்ட்டும் ஆகும். கூரை விளக்குகளின் கம்பிகளையே பலரும் நினைவில் கொள்கிறார்கள். அவற்றோடு ஆன்டெனாவின் கேபிள், பின்புறக் காமிராவின் கம்பி, ஏ.ஸி. இயந்திரத்துக்குப் போகும் தடித்த கம்பி, வெளிப்பந்தலின் விளக்குக்குச் செல்லும் கம்பி ஆகியவையும் கூரைவழியே போகக்கூடும். அமெரிக்காவில் 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள வண்டிகள் முன்னும் பின்னும் உச்சியில் அடையாள விளக்குகளைத் தாங்கவேண்டும் என்பது சட்டமாதலால், அவற்றுக்கான கம்பிகளும் கூரையின் நீளத்தைக் கடந்து செல்வது உண்டு.

இவற்றினும் எளிதில் ஏமாற்றக்கூடிய கம்பி ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் வாங்குபவர் விரும்பினால் சோலார் பேனலோ விசிறியோ பொருத்திக்கொள்ளட்டும் என்று கருதி, தொழிற்சாலையிலேயே முன்கூட்டிக் கம்பியை இழுத்து, அதன் முனையை உட்கூரைக்குள் மறைத்து விட்டுவிடுகிறார்கள். அதன் முனையில் எந்தச் சாதனமும் இல்லாமையால் அப்படி ஒரு கம்பி இருப்பதாகவே உடையவருக்குத் தோன்றாது. மறு முனையோ ஃபியூஸ் பெட்டியில் இணைக்கப்பட்டு, மின்சாரத்தோடு காத்திருக்கக்கூடும்.

பாதிப் பழுதின் அபாயம்

கம்பி முற்றிலும் அறுந்துபோனால் விளக்கு அணையும், அல்லது ஃபியூஸ் எரிந்துபோகும். பழுது நேர்ந்தது அக்கணமே தெரிந்துவிடுவதால் அதைத் திருத்திக்கொள்ளலாம். பெருந்தீங்கு விளைவிப்பது தெரியாமல் நேரும் பாதிப் பழுதே ஆகும். வண்டிகளில் பயன்படும் கம்பி பல மெல்லிய செம்பு இழைகளின் கற்றை. ரம்பத்தின் பல் பட்டு அவற்றுள் பாதி அறுந்தாலும் விளக்கு முன்போலவே எரியும். ஆனால் முழு மின்னோட்டத்தையும் எஞ்சிய இழைகளே சுமப்பதால் அந்த ஓரிடம் மட்டும் சூடேறும். மொத்த மின்னோட்டத்தின் அளவு மாறவில்லையாதலால், அளவு மிகும்போது மட்டுமே எரியும் இயல்புடைய ஃபியூஸ் இந்தச் சூட்டை உணராது. சூடேறிய அந்த இடத்தைச் சுற்றி இருப்பவையோ நுரையும் ஒட்டுப்பலகையும். இரண்டும் தீப்பற்றக்கூடிய பொருள்கள்.

திருகாணியால் நேரும் ஊறும் இத்தகையதே. கம்பியின் மேலுறையைச் சற்றே கீறி அமர்ந்த திருகாணி, அன்று ஒரு தொல்லையும் தராமல் இருந்து, சாலையின் குலுக்கலில் மாதக்கணக்காக உரசி உரசிச் செம்பைத் தொட்டபின்புதான் தன் வேலையைக் காட்டும். தொடப்பட்டது 230 வோல்ட் கம்பியாக இருந்து, திருகாணி வெளி அலுமினியத் தகட்டோடும் சேர்ந்திருந்தால், வண்டியின் உடலையே தொடுவதற்கு அஞ்சவேண்டிய நிலை ஏற்படும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் சாதனம் இத்தகைய வேளைகளில்தான் கைகொடுக்கிறது. அது சரியாக இயங்குகிறதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அவ்வப்போது பார்த்துவருவது ஒவ்வோர் உடையவரின் கடமையாகும்.

சோலார் பேனலின் கம்பிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பாட்டரியைக் கழற்றிவிட்டாலும், வெயில் படும் வரையில் பேனல் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். 12 வோல்ட் அமைப்புக்கென்று விற்கப்படும் பேனலின் முனைகளில், ஒன்றோடும் இணைக்காத நிலையில், பெரும்பாலும் 20 வோல்ட்டுக்கு மேலிருக்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் அது இரட்டிக்கும். ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தாலும் பேனல் தரும் மின்னோட்டம் வழக்கமான அளவைவிடச் சிறிதே மிகுமாதலால் ஃபியூஸ் எரிய வேண்டிய அவசியமில்லை. மேலும், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால் அதில் எழும் தீப்பொறி அணைவதற்கு வாய்ப்புண்டு. நேர்திசை மின்சாரத்தில் அந்த வாய்ப்பு இல்லாமையால், போதிய வோல்ட் இருந்தால் பொறி நீடித்து எரியும். ஆகையால் கூரை வேலையின்போது பேனலை ஒளி புகாத துணியால் முழுதும் மூடிவைப்பது இன்றியமையாதது.

உரை, கருதல், காண்டல்

காண்டல், கருதல், உரை என்று நம் தர்க்க நூலார் அறிவுக்கு வாயிலாக வகுத்த மூன்று அளவைகளும் இக்காரியத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. இங்கு மட்டும் அவற்றை உரையில் தொடங்கிக் காண்டலில் முடியுமாறு வரிசை மாற்றிக் கைக்கொள்ள வேண்டும்.

உரை என்பது வண்டியைச் செய்த நிறுவனத்தின் மின் வரைபடமும், அதே மாதிரி வண்டியைத் திறந்து பார்த்த பழுது நிலையத்தாரின் வாக்கும் ஆகும். இவற்றைத் தேடிப் பெறுவது முதல் வேலை. ஆயினும் மின் வரைபடம் எந்த விளக்கு எந்த ஃபியூஸோடு இணைந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, அக்கம்பி கூரையில் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அன்றியும், வண்டி கைமாறி வந்ததாயின் முன்பு வைத்திருந்தவர் தாமாகச் சேர்த்த கம்பிகள் எந்தப் படத்திலும் இரா. ஆதலால் உரையை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதோடு நின்றுவிடலாகாது.

அடுத்தது கருதல். எந்தக் கம்பிக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. கட்டியவனோ கம்பியையும் நேரத்தையும் மிச்சப்படுத்தவே விரும்பியிருப்பான். கூரையிலுள்ள விளக்குகளையும் பிற சாதனங்களையும் ஒரு தாளில் அளவோடு குறித்து, ஃபியூஸ் பெட்டி இருக்கும் இடத்தையும், அலமாரியின் மூலையில் கம்பிகள் சுவரோடு மேலேறும் இடத்தையும் குறித்துவிட்டால், இவற்றை இணைக்கும் கோடுகள் தாமே தோன்றத் தொடங்கும். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் இரண்டு ஜோடிக் கம்பிகள் இருந்தால், ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவருவது, மற்றொன்று அடுத்த விளக்குக்குக் கொண்டுபோவது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரே ஜோடி இருந்தால், தொடர் அந்த விளக்கோடு முடிகிறது என்றோ, அந்த விளக்குக்குத் தனிக் கம்பி வருகிறது என்றோ அனுமானிக்கலாம். கம்பி துளைக்குள் எந்தத் திசையில் வளைந்து நுழைகிறது என்பதும் வழியைக் காட்டும். சட்டங்களின் இருப்பிடத்தை அறிய இயற்கையே ஓர் உதவி செய்கிறது: மரம் நுரையைவிட வெப்பத்தை எளிதில் கடத்துவதால், குளிர்ந்த விடியற்காலையில் கூரையின்மேல் படியும் பனியும் உறைபனியும் சட்டங்கள் உள்ள இடங்களில் வேறுபட்டுத் தெரியும்.

கருவிகளின் வன்மையும் எல்லையும்

சுவருக்குள் உள்ள கம்பியைக் காட்டும் கருவி என்று கடைகளில் விற்கப்படுவதை வாங்கி, அது ஒலிக்காத இடத்தில் தயக்கமின்றித் துளைப்பவர் உண்டு. இது பெருந்தவறு. ஓடும் மின்சாரத்தை உணர்வதாகச் சொல்லப்படும் கருவி மாறுதிசை மின்சாரத்தின் மாறும் புலத்தையே உணர்கிறது. 12 வோல்ட் நேர்திசைக் கம்பியில் அப்படி மாறும் புலம் இல்லையாதலால் அதன் எதிரில் கருவி மௌனமாகவே இருக்கும். மாறுதிசைக் கம்பியிலுங்கூட, ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தால் அதற்கு அப்பாலுள்ள பகுதி புலப்படாது. உலோகத்தை உணரும் கருவியோ, அலுமினியத் தகட்டின் அருகில் எங்கும் உலோகம் என்றே கூறும். காந்தம் இரும்புத் திருகாணிகளைக் காட்டும். செம்பையும் அலுமினியத்தையும் காட்டாது. வெப்பத்தைப் படம்பிடிக்கும் காமிரா, மிகுந்த மின்சாரம் நெடுநேரம் ஓடிய கம்பியை மெல்லிய பிளைவுட்டின் ஊடே மங்கலாகக் காட்டக்கூடும். விளக்குக் கம்பிகளோ அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை.

இக்காரியத்துக்கு மிகவும் தகுதியானது, கம்பியில் ஒலியின் அதிர்வெண்ணுள்ள ஒரு மின்னலையைச் செலுத்தி அதைப் பின்தொடரும் இரட்டைக் கருவி. மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்ட கம்பியின் முனையில் ஒரு பாகத்தை மாட்டி, மற்றொரு பாகமாகிய உணர்கோலை உட்கூரையின்மேல் மெல்ல நகர்த்தினால், கம்பியை நெருங்க நெருங்க ஒலி வலுக்கும். ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் கருவியை மாட்டினால் இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்து ஒலி குன்றிவிடும். ஒரு பிடியை ஒரு கம்பியிலும் மற்றொரு பிடியை வண்டியின் அடிச்சட்டத்திலும் மாட்டுவதே முறை. அலுமினியம் இந்த அலையைத் தடுக்கும் என்பதால் கூரையின் மேலிருந்து தேடுவது வீண். உட்புறமும் அலுமினியம் போர்த்திய வண்டிகளில் இக்கருவியும் தோற்கும். ஆகவே, கருவி ஒலித்தால் அங்கே கம்பி உண்டு என்று நம்பலாம். அது ஒலிக்காமையைக் கொண்டு அங்கே கம்பி இல்லை என்று முடிவு செய்யலாகாது.

கண்ணால் கண்டு வெட்டுதல்

இறுதியாக நிற்பது காண்டல். ஏற்கனவே உள்ள கூரை ஜன்னலின் உட்சட்டத்தைக் கழற்றினால் பலகையின் வெட்டுவாய் தெரியும். கூரையின் கனம், சட்டங்களின் அகலம், அருகில் செல்லும் கம்பிகள் ஆகியவற்றை அங்கே நேராகவே காணலாம். விசிறி வேண்டுபவர் புதுத் துளை போடாமல், அந்தப் பழைய ஜன்னலை எடுத்துவிட்டு அதே இடத்தில் விசிறியைப் பொருத்திக்கொள்ளக் கூடுமானால் அதுவே உத்தமம். ஐரோப்பிய வண்டிகளில் 400 மில்லிமீட்டர் சதுரமும், அமெரிக்க வண்டிகளில் 14 அங்குலச் சதுரமும் பொது அளவுகளாக வழங்குவதால், இது பலமுறை சாத்தியமாகிறது.

புதுத் துளை தவிர்க்க முடியாததாயின், முதலில் வெளி இணைப்பைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை நிறுத்தி, மூடிவைத்த சோலார் பேனலை அதன் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து பிரித்து, அதன்பின் பாட்டரியைக் கழற்ற வேண்டும். பேனலை முதலிலும் பாட்டரியைப் பிறகும் பிரிப்பதே கட்டுப்பாட்டுக் கருவிக்கு நன்மை. பிறகு ஜிக்சா ரம்பத்தை எடுத்துக் கூரையின் முழுக் கனத்தையும் ஒரே வீச்சில் அறுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, உட்புறத்திலிருந்து பிளைவுட்டை மட்டும், 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாதபடி அளவு வைத்த கத்தியால் கீறி எடுக்க வேண்டும். வெளிப்படும் நுரையை, கூர்முனை இல்லாத மரத்துண்டு போன்ற ஒன்றால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தால், குறுக்கே கம்பி இருப்பின் ஊறுபடாமல் கண்முன் வந்து நிற்கும். சதுரம் முழுவதும் வெறுமையாகி, வெளித்தகட்டின் அடிப்பக்கம் தெரிந்தபிறகே நான்கு மூலைகளிலும் சிறு துளையிட்டு, மேலே ஏறித் தகட்டை அறுக்கலாம். திருகாணிகளுக்கான துளைகளிலும், டிரில் முனையில் ஒரு வளையமோ ஒட்டுநாடாவோ சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துவது நலம்.

கம்பி குறுக்கிட்டால், ஜன்னலின் இடத்தைச் சிறிது நகர்த்த முடியுமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். முடியாவிட்டால் கம்பியைத் திறப்பின் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோகலாம். நீளம் போதாதபோது இணைப்பு போடவேண்டி வரும். அந்த இணைப்பைக் கூரைப் பலகைக்குள் புதைத்துவிடுவது ஒருபோதும் தகாது. திறந்து பார்க்கக்கூடிய அலமாரிக்குள் அல்லது உட்சட்டத்தின் பின்னே அமையுமாறு, அழுத்திப் பிணைத்து உறையிட்டுச் செய்ய வேண்டும். 230 வோல்ட் அல்லது 120 வோல்ட் கம்பியாயின் தகுதிபெற்ற மின்தொழிலாளரை அழைப்பதே கடமை. பிரிட்டனில் பி.எஸ். 7671 என்னும் மின் நிறுவல் விதித்தொகுதி இத்தகைய வண்டிகளுக்கென்றே 721-ஆம் பகுதியைத் தனியாக ஒதுக்கியிருப்பதிலிருந்து இதன் முக்கியத்துவம் விளங்கும். துளையின் நான்கு ஓரங்களிலும் மரச்சட்டம் பதித்து, தகட்டின் கூர்விளிம்பில் கம்பி உராயாதபடி ரப்பர் வளையம் இட்டு, நீர் புகாமல் பசையிட்டு அடைத்தபின், வண்டியிலுள்ள ஒவ்வொரு விளக்கையும் சாதனத்தையும் இயக்கிப் பார்த்தால்தான் வேலை முற்றுப்பெற்றதாகும்.

சோலார் பேனல் மட்டுமே வேண்டுபவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. மூலைத் தாங்கிகளைக் கூரையின் வெளித்தகட்டில் வலுவான ஒட்டுப்பசையால் ஒட்டிவிடும் முறை ஐரோப்பாவில் பரவலாகியிருக்கிறது. மேற்பரப்பை நன்கு சுத்தம் செய்து, பசைக்கு உரிய நேரம் கொடுத்தால், திருகாணி இன்றியே பேனல் நிற்கும். அப்பொழுது கேபிள் உள்ளே இறங்குவதற்கு மட்டும் ஒரு சிறு துளை போதும். அதையும் அலமாரிக்கு நேர்மேலே அமைத்துக்கொண்டால், அதன் இருபுறத்தையும் எந்நேரமும் கண்ணால் பார்க்கலாம்.

வேலை முடிந்து பலகையை மூடுவதற்கு முன் செய்யவேண்டிய கடமை ஒன்று எஞ்சியிருக்கிறது. திறந்த கூரையின் உட்புறத்தை ஓர் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து, கம்பிகளும் சட்டங்களும் எங்கிருந்து எத்தனை சென்டிமீட்டரில் செல்கின்றன என்பதை ஒரு தாளில் வரைந்து, தேதியிட்டு, வண்டியின் கைப்புத்தகத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். இவ்வண்டிகள் நெடுங்காலம் உழைப்பவை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போய்க்கொண்டே இருப்பவை. இன்று ஒருவர் சிரமப்பட்டுக் கண்ணால் கண்டறிந்தது, நாளை அதே கூரையைத் திறக்கப்போகும் முன்பின் அறியாத ஒருவருக்கு நம்பத்தக்க உரையாகி, அவருடைய கையையும் அவர் குடும்பத்தின் உறக்கத்தையும் காக்கும். கால்மணி நேரத்தில் முடியும் இந்தச் சிறு உபகாரத்தைச் செய்யாமல் கூரையை மூடுவது, தாம் பட்ட சிரமத்தை அடுத்தவர் தலையில் மறுபடியும் ஏற்றுவதாகும்.